21 நாள் கணக்கும் ஆரம்ப சூரத்தனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு பிறக்கும்போது 'வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குங்கள்' என்ற தொனியில் நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களில் கட்டுரைகள் வருவது வழக்கம். அவற்றில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும்: அதிகாலை 5 மணி, 21 நாள். இரண்டுமே படிப்பவருக்குக் கைகொடுப்பதைவிட, பாதியில் களைத்து உட்கார வைப்பதே அதிகம். பழக்கங்களை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. அந்தக் கட்டுரைகள் சொல்லாமல் விடும் நடைமுறை விவரங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 21. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் ஒரு நூல் எழுதினார். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் 'குறைந்தது சுமார் 21 நாள்' ஆகிறது என்று அதில் குறிப்பிட்டார். அது மருத்துவர் தம் அனுபவத்தில் கவனித்த ஒன்று. தினசரிப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று யாரும் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல. வாய்க்கு வாய் மாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோனது, 'சுமார்' உதிர்ந்துபோனது, 21 மட்டும் நின்றுவிட்டது.

அளந்து பார்த்த ஆய்வு பின்னால் வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தவர்களும் 2010இல் அதை வெளியிட்டார்கள். 96 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்து, தினமும் அதே சூழலில் ஒருமுறை செய்தார்கள். 'யோசிக்காமல் கை தானாகப் போகிறது' என்ற நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது: சிலருக்கு 18 நாள், ஒருவருக்கு 254 நாள். (ஆய்வே 84 நாள்தான் நடந்தது, 254 என்பது அவருடைய முன்னேற்றக் கோட்டை நீட்டிக் கணித்தது.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சி மெதுவாகத்தான் ஒட்டியது. இன்னொரு முடிவும் கிடைத்தது. எங்கள் பார்வையில் அதுதான் முக்கியமானது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

21 நாள் கணக்கின் தீங்கு இங்கேதான் இருக்கிறது. 22ஆம் நாளும் வேலை கடினமாகவே இருக்கும், இருப்பது இயல்பு. ஆனால் கணக்கை நம்பியவர் 'எல்லோருக்கும் வந்தது எனக்கு மட்டும் வரவில்லை' என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறார். கணக்கில் இருந்த பிழைக்கு அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்.

அப்படியானால் தேதி பார்த்துத் தொடங்குவதே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் இலக்கு வைத்துக்கொள்வதும் கூடுவதைக் காட்டினார்கள். பழைய தவறுகளெல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொருவர் செய்தவை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த வேகம் உண்மையானதுதான். சிக்கல் என்னவென்றால் அது அதிக நாள் தாங்காது. ஆரம்ப சூரத்தனம் என்று நம் பெரியவர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை.

ஆகவே முதல் நாள் உற்சாகத்தைச் செயலில் கொட்டாமல் ஏற்பாட்டில் செலவிடுங்கள். அதாவது, முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காலணியைத் தேடி வாசலில் வையுங்கள், உடன் நடக்க ஒருவரைப் பேசி நேரம் குறியுங்கள், பல் மருத்துவரிடம் தள்ளிப்போட்ட முன்பதிவை முடியுங்கள், செல்போனில் நேரத்தைத் தின்னும் செயலியை நீக்குங்கள், நாற்காலியில் மலைபோல் குவிந்த துணிக்கு ஒரு கூடை வையுங்கள். இவையெல்லாம் ஒருமுறை செய்தால் நிற்பவை. உற்சாகம் வற்றிய பத்தாம் நாளிலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்.

இதே டாய் 2018இல் இன்னொன்றும் காட்டினார்: கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது, அதுவரை சரியாகச் செய்யாதவர்களுக்கு ஊக்கம் தருகிறது, நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது. எனவே 'எல்லாவற்றையும் புதிதாக' என்பது தவறான யோசனை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: மாலை நடை, தங்கைக்கு வாரம் ஒரு போன், வேளை தவறாத மாத்திரை. அவற்றைத் தொடவே வேண்டாம். ஓடாத ஒன்றை மட்டும் எடுங்கள்.

வீடு மாறியவர்களுக்கும் வேலை மாறியவர்களுக்கும் தனியாக ஒரு குறிப்பு. பழக்கம் இடத்தோடு ஒட்டியது. இடம் மாறினால் பழைய தூண்டுதல்கள் அறுந்துவிடுகின்றன. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்ற மாணவர்களிடம் வெண்டி வுட் என்ற உளவியலாளரின் குழு 2005இல் இதைக் கண்டது. வெர்பிளாங்கன், ராய் என்ற ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் வீடு மாறிய முதல் 3 மாதம் புதுப் பழக்கத்துக்கு ஏற்ற காலமாகத் தெரிந்தது. எனவே பெட்டிகளைப் பிரிக்கும்போதே தொலைக்காட்சி எந்தப் பக்கம், படிக்கும் நாற்காலி எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். எல்லாம் ஒதுங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் பழைய வீட்டின் வழக்கங்கள் புது வீட்டில் குடியேறிவிடும்.

இனி அளவு. அகலக்கால் வைப்பதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். அளவைத் தீர்மானிக்க நாங்கள் சொல்லும் சோதனை ஒன்றுதான்: உங்களுடைய மிக மோசமான நாளில், தலைவலியோடு தாமதமாக வீடு திரும்பிய நாளில், இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் அது அதிகம். பாதியாக்குங்கள். அப்போதும் முடியாதென்றால் மறுபடி பாதியாக்குங்கள். நடை என்றால் தெருமுனை வரை போய்த் திரும்புவது. வாசிப்பு என்றால் ஒரு பக்கம். நாட்குறிப்பு என்றால் ஒரு வரி. மூச்சுப் பயிற்சி என்றால் ஐந்து மூச்சு. இதை 'அடி அளவு' என்று வைத்துக்கொள்வோம். மனமும் நேரமும் இருக்கும் நாளில் அரை மணி நடக்கலாம், முப்பது பக்கம் படிக்கலாம். ஆனால் அன்றைய கணக்கு அடி அளவோடு முடிந்துவிட்டது, மீதி உபரி.

'இவ்வளவு சின்னதில் என்ன பயன்?' என்று கேட்பார்கள். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை நேரடியாகவே பதில் இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. இரண்டு நிமிட மாடிப்படியும் கணக்கில் உண்டு. மற்ற பழக்கங்களில் முதல் இரண்டு மாதத்தின் வேலை பலனைச் சேர்ப்பது அல்ல, பாதை போடுவது. ஒற்றையடிப் பாதை ஆள் நடந்து நடந்துதான் உண்டாகிறது. அதில் நடந்தவர் எவ்வளவு சுமை தூக்கினார் என்பது பாதைக்குத் தேவையில்லாத கேள்வி.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் நான்காம் நாள். எளிதாக இருக்கிறதே என்று ஒரு பக்கத்தை இருபது பக்கமாக்குவார்கள். எளிதாக இருப்பது குறை அல்ல, அப்படித்தான் அமைத்தோம். அளவைக் கூட்டுவதற்கு முன் இரண்டு வாரம், அதாவது 14 நாளில் குறைந்தது 12 நாள், தள்ளாட்டம் இல்லாமல் நடந்திருக்க வேண்டும். கூட்டும்போதும் ஒரு படி மட்டும்: ஐந்து நிமிடம், இரண்டு பக்கம். கூட்டிய பிறகு ஒரு வாரத்தில் மூன்று நாள் தவறினால் பழைய அளவுக்கு இறங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது முடிச்சு. புதுச் செயலை எதனோடு முடிச்சுப் போடுகிறோம் என்பதில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்ற வடிவில் முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து நிறுவினார். அவரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விருப்பத்தைவிட இப்படி எழுதிவைத்த திட்டம் நிறைவேறும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது.

ஆனால் எதையாவது பிடித்து முடிச்சுப் போட்டால் அவிழ்ந்துவிடும். 'காலையில்' என்பது முடிச்சு அல்ல. 'நேரம் கிடைத்ததும்' என்பதும் அல்ல. 'வேலை முடிந்ததும்' என்று எழுதினால், வேலை எப்போது முடிகிறது என்பதே தெரியாதவர்கள்தானே நாம். நல்ல முடிச்சுக்கு அடையாளம்: நாள் தவறாமல் நடக்கும், ஒரே இடத்தில் நடக்கும், முடிந்த கணம் கண்ணுக்கோ காதுக்கோ தெரியும், முடிந்தபின் கை காலியாக இருக்கும். பல் தேய்த்துத் தூரிகையைக் குவளையில் போடும் சத்தம் நல்ல முடிச்சு. சாவியை ஆணியில் மாட்டுவது நல்ல முடிச்சு. செல்போனைக் கையில் எடுப்பது மிக மோசமான முடிச்சு, ஏனென்றால் அதன் பிறகு கை காலியாவதே இல்லை. விடுமுறை நாளில் சாவி மாட்டும் வேளை வராது என்றால், அந்த நாளுக்கு வேறு முடிச்சு ஒன்றைத் தனியாக எழுதிவையுங்கள். சனி, ஞாயிறுகளில் பழக்கம் அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், சோம்பல் அல்ல.

எழுதும் வாக்கியத்தில் 'மாட்டேன்' வரக்கூடாது. 'படுக்கையில் செல்போன் பார்க்க மாட்டேன்' என்று எழுதினால், படுக்கையைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது செல்போன்தான். 'இரவு விளக்கை அணைக்கும் முன் செல்போனை முன்னறையில் சார்ஜில் போடுவேன்' என்று எழுதுங்கள். அலாரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். தனி அலாரக் கடிகாரம் ஒன்று வைத்துக்கொள்வதுதான் விடை. அந்த ஒரு சாமான் இல்லாததால் எத்தனையோ நல்ல திட்டங்கள் இரண்டாம் இரவே படுத்துவிடுகின்றன.

தூரத்தையும் கவனியுங்கள். வேண்டிய செயலுக்கு எத்தனை அசைவு என்று விரல்விட்டு எண்ணுங்கள். வயலின் பயிற்சி என்றால்: அலமாரியைத் திற, பெட்டியை இறக்கு, பூட்டை விடுவி, வில்லை முறுக்கு, இசைத்தாளைத் தேடு. ஐந்து. வில்லை முறுக்குவதைத் தவிர மற்றதை முதல் நாள் இரவே முடித்து, மூடி திறந்த பெட்டியை மேசையில் வைத்தால் மிஞ்சுவது ஒன்று. வேண்டாத செயலுக்கு இதையே திருப்பிப் போடுங்கள்: செயலியில் ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுங்கள், கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள், தொலைக்காட்சி ரிமோட்டை அடுத்த அறை இழுப்பறையில் வையுங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் எழுந்து நடக்கும் அந்தப் பத்து அடிக்குள் பாதி ஆசை தணிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டியிருக்கிறது. புதுத் தொடக்கம் என்றாலே எல்லோரும் முதலில் கை வைப்பது விழிக்கும் நேரத்தில்தான், பெரும்பாலும் தப்பாகக் கை வைப்பதும் அங்கேதான். 7.30க்கு எழுபவர் மறுநாளே 5க்கு அலாரம் வைக்கிறார். மூன்று நாள் எழுகிறார். இரவில் தூக்கம் வழக்கமான நேரத்துக்குத்தான் வருகிறது என்பதால் தினம் இரண்டரை மணி நேரம் கடன் ஏறுகிறது. நான்காம் நாள் உடல் கடனை வசூலிக்கிறது. இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டுவதில் பொருளில்லை. மனித உடற்கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தள்ளிப்போவது அதற்கு எளிது, முன்னே வருவது கடினம்.

மெதுவான வழி இது. இலக்கு காலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். 7.30இலிருந்து 90 நிமிடம். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஆறு படி, 18 நாள். விழிக்கும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், படுக்கும் நேரத்தை இழுக்க வேண்டாம். தூக்கம் வராத நேரத்தில் படுத்தால் புரள்வதுதான் பழகும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 15 முதல் 20 நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள், வெளியில், ஜன்னலுக்கு உள்ளே அல்ல. மேகமூட்டமான பகலில்கூட வெளியே சாதாரணமாக ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் உண்டு. விளக்குப் போட்ட அறையில் சில நூறுதான். மாலையில் இதற்கு நேர்மாறு: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கூரை விளக்கை அணைத்து, தாழ்வான விளக்கு ஒன்று போதும் என்று வையுங்கள். காபி, டீயில் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது, சிலருக்கு இன்னும் அதிகம். எனவே படுக்கைக்கு 8 மணி நேரத்துக்கு முன்பே கடைசிக் கோப்பை. விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் வாரம் முழுக்க நகர்த்தியது பின்னால் போய்விடும். வயது வந்தவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 5 மணிக்கு எழுவது அதை வெட்டித்தான் முடியும் என்றால், அந்த 5 மணியை விட்டுத்தள்ளுங்கள்.

படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், சலிப்பான எதையாவது செய்து, கண் செருகும்போது திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த இந்த முறை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்று. 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காதீர்கள். பார்த்தாலே தூக்கம் ஓடிவிடும். நாளைய வேலைகள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னொரு உபாயம்: படுக்கும் முன் 5 நிமிடம் அவற்றைத் தாளில் எழுதுவது. ஸ்கல்லின் என்ற தூக்க ஆய்வாளரின் குழு 2018இல் 57 பேரிடம் சோதித்ததில், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். 'வங்கி வேலை' என்று எழுதுவதைவிட 'வங்கிக்குப் போய் முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும்' என்று எழுதுவது உதவும்.

குவிந்து கிடப்பவை பற்றி. அறையோ மேசையோ, மொத்தமாக வெளியே எடுத்துப் போட்டு அடுக்கத் தொடங்காதீர்கள். பாதியில் ஆள் களைத்துவிடும், அறை முன்பைவிட மோசமாகிவிடும். ஓர் இழுப்பறை, 10 நிமிடம், மணி அடித்ததும் நிறுத்தம். எடுத்த பொருளை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால் 'தெரியாதவை' என்று ஒரு பெட்டி. மின்னஞ்சல் ஆயிரக்கணக்கில் தேங்கியிருந்தால் ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பேன் என்ற சபதம் வேண்டாம்: 30 நாளுக்கு முந்தையவற்றை மொத்தமாகப் 'பழையவை' என்ற கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். எதுவும் அழியாது, தேடினால் கிடைக்கும். மீதியை நாளுக்கு ஐந்து.

இதில் எல்லோரும் தயங்கும் இடம் ஒன்று உண்டு, அது பொருள் அல்ல, மனிதர். பதில் போடாமல் மாதக்கணக்கில் விட்ட ஒரு நண்பருக்கு எப்படி எழுதுவது? தாமதம் கூடக்கூட, அதற்கு ஈடாக நீண்ட விளக்கம் எழுத வேண்டும் என்று தோன்றும். நீண்ட விளக்கம் எழுத நேரம் வராது. அதனாலேயே இன்னும் தாமதம். மூன்று வரி போதும்: தாமதத்துக்கு வருத்தம் ஒரு வரி, அவரைப் பற்றி உண்மையாக நினைவில் இருக்கும் ஒன்றைப் பற்றி ஒரு வரி, 'உடனே பதில் வேண்டும் என்றில்லை' என்று ஒரு வரி. காரணம் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர் தலையில் விழுகிறது.

உற்சாகம் வந்ததும் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. மனநிலை சரியானால்தான் செயல் என்று நினைக்கிறோம். செயலுக்குப் பின்னால் மனநிலை வருவதும் உண்டு. 1970களில் பீட்டர் லூயின்சோன் போன்ற உளவியலாளர்கள் இதை அடிப்படையாக வைத்து மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறையையே வளர்த்தார்கள். காலணியை மாட்டுவதற்கு உற்சாகம் தேவையில்லை.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். தொடங்குவதற்கு ஆயிரம் பக்கம் எழுதுகிறோம், விட்டுப்போன மறுநாள் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி எழுதுவதில்லை. உண்மையில் திட்டங்கள் சாவது விட்ட நாளில் அல்ல, அதற்கு மறுநாள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த ஹெர்மன், பொலிவி என்ற உளவியலாளர்கள் கண்டது இது: கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று நினைத்ததும், 'இனி என்ன, எல்லாம் போச்சு' என்று அதிகமாகச் சாப்பிடுகிறார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோரிடம் ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் இதையே கண்டு, ஒருமுறை சறுக்குவதும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதும் வேறு வேறு என்று பிரித்துச் சொன்னார். சறுக்கலைத் தன் குணக்கேடாக எடுத்துக்கொள்பவர் முழுதாக விழுகிறார். 'அன்று முடிச்சு தவறியது' என்று சூழலில் காரணம் தேடுபவர் எழுந்துகொள்கிறார்.

எனவே முதல் நாளே, சறுக்குவதற்கு முன்பே, திரும்பும் வழியையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: 'ஒரு நாள் விட்டால், மறுநாள் அடி அளவு மட்டும் செய்வேன். விட்டதை ஈடுகட்ட மாட்டேன்.' (மேலே 'மாட்டேன்' கூடாது என்றோம், இங்கே வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அதற்கு முன்னால் என்ன செய்வது என்பதும் சேர்ந்தே இருக்கிறது.) ஈடுகட்டுவது நல்லெண்ணம்தான், ஆனால் விட்ட ஒரு பக்கத்துக்கு இரண்டு, இரண்டு நாளுக்கு மூன்று என்று கடன் வட்டியோடு ஏறி, கடைசியில் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும். காய்ச்சல், பயணம், வீட்டில் விசேஷம் என்று ஒரு வாரம் அறுந்துபோனால், திரும்பிய முதல் மூன்று நாள் அடி அளவுக்கு மேல் போகக்கூடாது, ஆசை இருந்தாலும்.

காலண்டரில் குறிப்பவர்கள் தொடர்ச்சியை எண்ணுவதைத் தவிருங்கள். 'இடைவிடாமல் 40 நாள்' என்ற எண், 41ஆம் நாள் அறுந்தால் பூஜ்யமாகிவிடுகிறது. நேற்று வரை செய்ததெல்லாம் எங்கே போயிற்று? மாதத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். 30க்கு 22 என்றால் அது 22தான், யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. செய்த நாளுக்கு ஒரு கோடு. விட்ட நாளுக்கு மறுநாள் திரும்பிவந்து செய்திருந்தால் அதற்கு மட்டும் வட்டம். மாதக் கடைசியில் வட்டங்களைப் பாருங்கள். ஒரு வட்டமும் இல்லாமல் பாதி மாதம் வெறுமையாக இருந்தால்தான் கவலை.

தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போனால், மனதைத் திட்டாமல் பழுது பாருங்கள். வரிசை முக்கியம். முதலில் முடிச்சு: அந்த மூன்று நாளும் சாவியை ஆணியில் மாட்டினீர்களா, அல்லது வீட்டில் வேறு யாராவது கதவைத் திறந்தார்களா? முடிச்சே நடக்கவில்லை என்றால் வேறு முடிச்சு. முடிச்சு நடந்தது, நினைவு வரவில்லை என்றால், அந்த இடத்தில் கண்ணில் படும்படி பொருள் இல்லை. புத்தகத்தைச் சாவி ஆணிக்குக் கீழே வையுங்கள். நினைவும் வந்தது, ஆனாலும் செய்யவில்லை என்றால் அளவு பெரிது, பாதியாக்குங்கள். பாதியாக்கியும் கை போகவில்லை என்றால், அது உங்கள் விருப்பமே இல்லையோ, யாரோ சொன்னதற்காக எடுத்துக்கொண்டதோ என்று கேட்டுப் பாருங்கள். விட்டுவிடுவதும் சரியான விடையாக இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: நினைவூட்ட வேண்டாம். 'இன்னைக்கு நடக்கப் போகலையா?' என்ற கேள்வி அன்பில் பிறந்ததானாலும் கேட்பவர் காதில் கணக்குக் கேட்பதாகவே விழும். அந்தப் பத்து நிமிடம் வேறு வேலை சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

மெதுவாக என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகைப்பதை நிறுத்துவதில் நிலைமை வேறு. 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனையில் 697 பேர் கலந்துகொண்டார்கள். ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 4 வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் 49 சதவீதம், இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். இரு பக்கத்தாருக்கும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் தரப்பட்டன. அங்கே மென்மை, நாளைத் தள்ளுவதில் இல்லை, துணை வைத்துக்கொள்வதில் இருக்கிறது.

நேர்மாறாக, தினமும் அதிகம் மது அருந்திவந்தவர் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். பல மாதங்களாக எடுத்துவரும் தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகியவற்றையும் 'புது வாழ்க்கை' என்ற பெயரில் ஒரு காலையில் தூக்கி எறியக்கூடாது. அளவைக் குறைக்கும் முறையை மருத்துவர் சொல்ல வேண்டும். எதிலும் ஈடுபாடின்மை, தூக்கக் கோளாறு, தன்னை வீண் என்று நினைப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அடி அளவும் முடிச்சும் அதற்கு மருந்தல்ல, மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது, அன்றே பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப்பட்ட கட்டுரையோடு வெட்டி ஒட்டிக்கொள்ளும் அட்டவணை வெளியிடும்போது, 21 கட்டங்களுக்குப் பதில் 66 கட்டங்கள் அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் கட்டத்தைச் சிறிதாக்கலாம். அட்டவணையின் மேல் இரண்டு கோடிட்ட வரிகளுக்கு இடம் விடுங்கள்: ஒன்று 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்பதற்கு, மற்றது விட்ட நாளுக்கு மறுநாள் என்ன செய்வேன் என்பதற்கு. இரண்டாவது வரியை நிரப்பாமல் முதல் கட்டத்தில் கோடு போட வேண்டாம் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழக்கமாற்ற ஆலோசகர்கள் சிலர்